விடையைத் தலைகீழாகவே அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழ்க் கட்டுரையில் 'குழந்தை அழுதால் செல்போனைக் கொடுத்துவிட்டு, தொல்லை விட்டது என்று இருக்கும் தாய்மார்கள்' என்று ஒரு வரி. இரண்டு நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர ஒன்பது மணி ஆகிவிடும். செருப்பைக் கழற்றுவதற்குள் மூத்தவன் போனைக் கேட்பான். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். கரும்பலகையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அதைப் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்தி நோட்டில் எழுத ஒரு மணி நேரம். டைரியில் எழுதிவிடுங்கள் என்று மூன்று முறை பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். 'இதுதான் எல்லாருக்கும் வசதி' என்றார்கள்.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது நானா? 2020-ல் அவன் ஒன்றாம் வகுப்பு. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் போன் இல்லையென்றால் பாடம் இல்லை என்றார்கள். கம்பெனி மூடிக்கிடந்த நேரத்தில் வட்டிக்குக் கடன் வாங்கிப் போன் எடுத்தோம். 2021 நவம்பரில் பள்ளி திறந்த பிறகும் அந்த குரூப்பைக் கலைக்கவில்லை.

போன வருடம் அவனுக்குக் கண்ணாடி. கிட்டப்பார்வை. தினமும் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள் என்றார் கண் டாக்டர். எங்கே விடுவது? லைன் வீட்டுக்கு முன்னால் ஆறடிச் சந்து. தெருமுனைக் காலி மனையையும் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள்.

சின்னவளுக்கு மூன்று வயது. அந்த வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதைக் கட்டுரையில் போட்டிருந்தீர்கள். சரி. பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார் கார்ட்டூன் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறார். தப்புதான். முட்டிவலியோடு நிற்பவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம், எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று போனை பீரோவில் பூட்டிவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து உங்கள் சிறுவர் பக்கத்தில் புள்ளிகளை இணைப்போம், குறுக்கெழுத்துப் போடுவோம். தாய்மார்களுக்கு அறிவுரை வந்த அதே இதழில், அந்தப் பக்கத்தின் அடியில் 'விடைக்குக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆறு மாதமாக இப்படித்தான். விடை பார்க்க எடுத்த போனை அவனிடமிருந்து திரும்ப வாங்க எனக்கு அரை மணி நேரப் போராட்டம்.

முன்பெல்லாம் விடை பொடி எழுத்தில் தலைகீழாக இருக்கும். பையன் இதழைத் திருப்பிப் பிடித்துப் படிப்பான். மறுபடி அப்படியே போடுங்கள். நாலு வரி இடம்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.