‘முடியுமா’ என்று அவரிடம் கேட்காதீர்கள்: சிட்னி ஸ்வான்ஸ் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய 2024 அணியின் பயிற்சியாளர் ஜான் லாங்மயர் அவர்களுக்கும் தேர்வுக் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

2024 செப்டம்பர் 28 சனிக்கிழமை எம்.சி.ஜி.யில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்), ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் கிராண்ட் ஃபைனலில் நடந்ததை நான் உங்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பிரிஸ்பேன் 120, நாம் 60. லீக் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த அணி, ஐந்தாம் இடத்திலிருந்து ஏறி வந்தவர்களிடம் கணக்காகப் பாதிப் புள்ளி எடுத்துத் தோற்றது. தோற்றதற்காக இந்த மடல் இல்லை. 2014இல் ஹாதார்னிடம் 63 புள்ளியில் வாங்கிக் கட்டிக்கொண்டோம், 2016இல் புல்டாக்ஸிடம் கோட்டைவிட்டோம், 2022இல் ஜீலாங் 81 புள்ளியில் புரட்டி எடுத்தது, ஆகவே கிராண்ட் ஃபைனலில் தோற்பது எங்களுக்குப் புதிதல்ல. எனக்குக் கேட்க வேண்டியது ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான். ஆட்டத்துக்கு முன் வியாழக்கிழமை மாலை வெளியான அணிப் பட்டியலில் லோகன் மெக்டொனால்ட் என்ற பெயர் எப்படி வந்தது?

அதற்கு முந்தைய வாரம் போர்ட் அடிலெய்டை ஜெயித்த ஆட்டத்தில் அவருக்குக் கணுக்காலில் அடிபட்டது ஊருக்கே தெரியும். அந்த வாரம் முழுக்க ஸ்வான்ஸ் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதே பேச்சுதான். ஒரு கட்சி சொன்னது: நட்சத்திர முன்வரிசைக்காரர் பட்டி ஃபிராங்க்ளின் ஓய்வு பெற்ற பிறகு அமார்ட்டி, மெக்லீன், மெக்டொனால்ட் என்று மூன்று உயரமானவர்களை வைத்துத்தான் முன்வரிசை ஓடுகிறது, ஒருவரை எடுத்தால் மற்ற இருவரையும் எதிரணி சுலபமாகக் கட்டிப்போட்டுவிடும், அதனால் முக்கால்வாசி குணமான லோகன் கூட முழுசாக நலமாக இருக்கும் வேறொருவரைவிட மேல். இன்னொரு கட்சி ஒரே வரியில் முடித்துக்கொண்டது: சாம் ரீட் ஞாபகம் இருக்கிறதா?

நான் அந்த இரண்டாவது கட்சி.

ரீட் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், நீங்கள் எழுதிய கதைதானே. 2022இல் காலிங்வுட்டை ஒரே ஒரு புள்ளியில் தாண்டினோம், அந்த ஆட்டத்தில் அவருக்குத் தொடை இடுக்குத் தசையில் வலி. ஒரு வாரம் கழித்து கிராண்ட் ஃபைனலில் இறக்கினீர்கள். இடைவேளைக்குப் பிறகு அவரை வெளியே எடுத்து பிரேடன் கேம்ப்பெல்லை உள்ளே அனுப்பினீர்கள். சரி, ஒரு தடவை சூதாடிப் பார்த்தீர்கள், பலிக்கவில்லை, இனி செய்ய மாட்டார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். இரண்டே வருடம். அதே மைதானம், அதே வாரக் கணக்கு, வேறொரு கால். இடைவேளைக்குப் பிறகு மெக்டொனால்டும் வெளியே.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. 2022இல் அடிபட்ட ரீட்டை இறக்கிய அதே கிராண்ட் ஃபைனலுக்கு அணியிலிருந்து யாரை நிறுத்தினீர்கள்? இதே லோகன் மெக்டொனால்டைத்தான். அப்போது அவருக்கு 20 வயது. பெர்த்திலிருந்து, இளம் ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்டில் நாலாவது ஆளாகத் தேர்வாகி இங்கே வந்த பையன், உடம்பில் ஒரு கீறல் இல்லை, கிராண்ட் ஃபைனல் அன்று ஒரு லட்சம் பேர் நடுவில் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. ரீட்டின் கால் தாங்காவிட்டால் ரக் வேலைக்கும் (நடுவர் போடும் பந்துக்கு எம்புகிற வேலை) ஆள் வேண்டும் என்று மெக்லீனைக் கொண்டுவந்தீர்கள், அந்தக் கணக்கில் இடம் பறிபோனது இவருக்கு. அடிபட்ட ஒருவரை உள்ளே வைத்துக்கொள்வதற்காக நலமாக இருந்தவரை வெளியே அனுப்பினீர்கள் என்றுதான் எங்களுக்குப் பட்டது.

இப்போது அந்த வாரத்தை அந்தப் பையன் இடத்திலிருந்து பாருங்கள். 22 வயது. ஏற்கெனவே ஒரு கிராண்ட் ஃபைனலைப் பறிகொடுத்தவர். இன்னொன்று வருமா என்பது யாருக்கும் தெரியாது, முந்நூறு ஆட்டம் ஆடி ஒரு கிராண்ட் ஃபைனலைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றவர்கள் இந்த ஆட்டத்தில் உண்டு. அவர் முன்னால் நின்று “கால் எப்படி இருக்கிறது, உன்னால் முடியுமா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? முடியும் என்றுதான் வரும். எலும்பு வெளியே தெரிந்தாலும் முடியும் என்றுதான் சொல்வார். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தக் கேள்வியையே கேட்டிருக்கக் கூடாது. முடியாது என்று சொல்லும் பாரத்தை 22 வயதுப் பையன் தலையில் ஏற்றாமல் தாங்களே சுமப்பதற்குத்தானே தேர்வுக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்?

என் கோரிக்கை இவ்வளவுதான், மடல் நீண்டாலும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: கிராண்ட் ஃபைனல் வாரத்தில் அடிபட்ட ஆட்டக்காரரிடம் ‘முடியுமா’ என்று கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் நீங்களே பெயரை அடித்துவிடுங்கள்.

ஃபிட்னஸ் டெஸ்டில் தேறினாரே என்பீர்கள். தேறியிருப்பார். யாரும் தோளில் இடிக்காத பயிற்சி மைதானத்தில், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, கூம்புகளைச் சுற்றி ஓடி நாலு பந்து பிடித்தால் தேறிவிடலாம். ஆனால் முன்வரிசை உயரக்காரர் ஒருவருக்கு ஆட்டத்தில் என்ன வேலை? இரண்டு பேர் முதுகில் ஏறி நிற்க, ஒற்றைக் காலை ஊன்றி எம்பிப் பந்தைப் பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாவிட்டால் எதிரணிக்காரர் கைக்குப் போகாமல் தட்டியாவது விட வேண்டும், கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு அவன் ஓடும்போது சட்டென்று திரும்பித் துரத்திப் பிடிக்க வேண்டும். எம்புவதும் திரும்புவதும் கணுக்கால் செய்கிற வேலை. அது தயங்குகிறது என்று தெரிந்த நிமிடமே பிரிஸ்பேனின் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் மாதிரி ஒரு தடுப்பாட்டக்காரர் இவரை விட்டுவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவார். நாம் ஒருவர் குறைவாக ஆடுகிறோம், அவர்கள் ஒருவர் கூடுதலாக ஆடுகிறார்கள்.

அப்புறம் சப் கணக்கு. 2024 விதிப்படி 22 பேர், வெளியே 23ஆவதாக ஒரு சப், அதாவது ஒரே ஒரு தடவை இறக்கக்கூடிய மாற்று ஆட்டக்காரர். மைதானத்தில் 18 பேர், மாற்றிக்கொள்ள பெஞ்சில் நாலு பேர், ஆட்டம் முழுக்கவும் 75 மாற்றம்தான் அனுமதி. 2022இல் சப்பைக் காயத்துக்கு மட்டும்தான் இறக்கலாம். 2023இலிருந்து எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம், அதனால் கடைசி குவார்ட்டரில் எல்லாருக்கும் கால் கனக்கும்போது புதுக் கால் ஒன்றைக் கொண்டுவருகிற ஆயுதம் அது. சந்தேகக் கால் ஒன்றை 22க்குள் வைத்த நிமிடமே அந்த ஆயுதத்தை இன்ஷூரன்ஸாக அடமானம் வைத்துவிட்டீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே நம் சப் செலவாகிவிட்டது. இதைச் சொன்னால் “60 புள்ளியில் தோற்றதற்கு ஒரு கணுக்காலா காரணம்?” என்று கேட்கிறார்கள். இல்லை ஐயா. நடுக்களத்தில் நாம் உதை வாங்கினோம், இரண்டாவது குவார்ட்டரிலேயே ஆட்டம் கைவிட்டுப் போனது, லோகன் முழு நலத்தோடு ஆடியிருந்தாலும் தோற்றிருப்போம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தப்பு என்பது அதனால் மாறிவிடாது, எடுத்தபோதே தப்பு.

வேறு வழியே இல்லையா என்றால், எதிரணி டிரெஸ்ஸிங் ரூமை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாம் போர்ட் அடிலெய்டை ஜெயித்த அதே வார இறுதியில் ஜீலாங்குக்கு எதிராக பிரிஸ்பேனின் ரக்மேன் ஆஸ்கர் மெக்கினெர்னிக்குத் தோள்பட்டை நழுவியது. நம் ஆட்டம் வெள்ளிக்கிழமை, அவர்களுடையது சனிக்கிழமை, நம்மைவிட ஒரு நாள் குறைவாகத்தான் அவர்களுக்கு அவகாசம். மெக்கினெர்னி அந்த அணிக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அவரை உட்கார வைத்தார்கள். டார்சி ஃபோர்ட்டைக் கூப்பிட்டார்கள், முதன்மை ரக்மேன் ஒருவர் இருப்பதால் மாற்று ஆளாகவே காலம் தள்ளிய மனிதர். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கழுத்தில் பதக்கம். 2023இல் காலிங்வுட்டும் இதையேதான் செய்தது. முழங்காலில் அடிபட்ட டேனியல் மெக்ஸ்டேவை எடுத்துவிட்டு பில்லி ஃபிராம்ப்டனைக் கொண்டுவந்து, கோல் அடிக்காவிட்டால் பரவாயில்லை, ஆண்ட்ரூஸை மட்டும் பார்த்துக்கொள் என்று ஒரே வேலையைக் கொடுத்தார்கள். நாலு புள்ளியில் கோப்பை. இரண்டு வருடம், இரண்டு அணி, இரண்டு பேரும் அடிபட்ட உடம்பை நம்பவில்லை, இரண்டு பேரிடமும் கோப்பை இருக்கிறது. நம்மிடம் அனுபவம் இருக்கிறது.

உங்கள் தரப்பில் பேசுபவர்கள் உடனே 2012ஐ எடுத்து வீசுவார்கள், தெரியும். டெட் ரிச்சர்ட்ஸ் கணுக்கால் காயத்தோடுதானே ஆடினார், ஜெயித்தோமே? ஆடினார், நன்றாகவே ஆடினார், ஹாதார்னை 10 புள்ளியில் ஜெயித்தோம். ஆடம் குட்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்து போயும் கடைசி குவார்ட்டரில் கோல் அடித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் குட்ஸுக்கு அடிபட்டது ஆட்டத்துக்கு நடுவில், அது வேறு விஷயம், அங்கே யாரும் வியாழக்கிழமை மேசை முன்னால் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ரிச்சர்ட்ஸ் விஷயத்தில் சீட்டு நம் பக்கம் விழுந்தது. என் பயம் என்னவென்றால், அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருடமாக இந்தச் சூதாட்டம் நடக்கிறதோ என்பது.

இன்னொன்று. முடியாது என்று சொல்ல உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. கேப்டன் கேலம் மில்ஸுக்குத் தொடைத் தசையில் பிரச்சினை, அவரை இதே கிராண்ட் ஃபைனலுக்கு நிறுத்தினீர்கள். அணியின் கேப்டன்! அவர் எவ்வளவு கெஞ்சியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அது எவ்வளவு கஷ்டமான முடிவு, அதைச் சரியாக எடுத்தீர்கள், அதற்கு எங்கள் நன்றி. கேப்டனிடம் சொல்ல முடிந்ததை மெக்டொனால்டிடம் ஏன் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 2022இல் அவரை உட்கார வைத்த குற்ற உணர்ச்சியா? அப்படியென்றால் அந்தக் கடனை அடைக்க வேறு நாள் இருந்தது.

லாங்மயர் அவர்களே, ஆட்டம் முடிந்த பிறகு இந்தத் தேர்வுக்கு நீங்களே பொறுப்பேற்றுக்கொண்டீர்கள். அது பெரிய மனசு, எல்லாப் பயிற்சியாளரும் செய்வதில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு பொறுப்பேற்பதில் நம் கிளப் உண்மையாகவே கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது, அந்தப் பிரிவில் ஒரு கோப்பை வைத்தால் வருடா வருடம் சிட்னிக்குத்தான். எங்களுக்கு அந்தப் பொறுப்பு வியாழக்கிழமை மாலை தேவைப்பட்டது.

கோபத்தில் வேறு பல விஷயங்களும் வாயில் வருகின்றன. முதலிடத்தில் முடித்த அணி ஏன் ஒவ்வொரு முறையும் கிராண்ட் ஃபைனலுக்கு மெல்போர்னுக்கு மூட்டை கட்ட வேண்டும், எம்.சி.ஜி.யோடு 2059 வரை ஒப்பந்தம் போட்டவர்கள் அப்போது யார் உயிரோடு இருப்பார்கள் என்று யோசித்தார்களா, ரக்பி லீக்தான் ஆட்டம் என்று நினைக்கும் இந்த ஊரில் திங்கட்கிழமை வேலைக்குப் போய் “உங்க ஸ்வான்ஸ் என்ன ஆச்சு?” என்ற கேள்விக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்வது, ஹோம்புஷில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிட்னியின் இன்னொரு அணியான ஜயன்ட்ஸின் மைதானம் இருக்கும்போது நான் ஏன் ஸ்வான்ஸ் ஆடும் மூர் பார்க் வரை வந்து இந்த அவஸ்தைப்பட வேண்டும் என்றெல்லாம். இதில் பாதிக்கு நீங்கள் காரணமில்லை. மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டு முடிக்கிறேன்.

இன்னொரு செப்டம்பரில் இந்த அணி அங்கே இருக்கலாம். ஹீனி, வார்னர், குல்டன் எல்லாரும் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த வாரத்தில் யாருக்காவது தசை பிடித்துக்கொள்ளும், யாராவது நொண்டுவார், இந்த ஆட்டத்தின் இயல்பு அது. அப்போது தயவுசெய்து அவரிடம் கேட்காதீர்கள். மருத்துவர் தயங்கினால் அதோடு முடித்துவிடுங்கள், செவ்வாய்க்கிழமையே முடித்துவிடுங்கள், உள்ளே வருகிறவருக்கும் தயாராக நாலு நாள் கிடைக்கும். ஃபோர்ட்டும் ஃபிராம்ப்டனும் செய்ததைச் செய்ய நம் ரிசர்வ் அணியிலும் ஆள் இருப்பார், அவரை நம்பிப் பாருங்கள். மெக்டொனால்டின் கணுக்கால் முழுசாகக் குணமாகட்டும், முதல் ரவுண்டுக்கே வேண்டும் என்று அவசரப்பட்டு இழுத்து வராதீர்கள். எத்தனை மாதம் ஆனாலும் நாங்கள் காத்திருக்கிறோம், அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அடுத்த கிராண்ட் ஃபைனல் வியாழக்கிழமை பட்டியலில் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஹோம்புஷிலிருந்து ஒரு ஸ்வான்ஸ் ரசிகன்