பழைய சேப்பலை வாங்கும் கோயில் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவிலுள்ள தமிழ்க் கோயில்களின் அறங்காவலர் சபையாருக்கு வணக்கம்.

கோயிலுக்கு இடம் தேடும்போது விக்டோரியா காலத்துச் சேப்பல்கள் (கிறிஸ்தவ வழிபாட்டு மண்டபங்கள்) விலைக்கு வருவதை நீங்கள் அறிவீர்கள். மேற்கு ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் வந்து அமர்ந்ததும் ஒரு பழைய சேப்பலில்தான். தாராளமாக வாங்குங்கள். பூட்டிக் கிடந்து கூரை ஒழுகுவதைவிட அங்கே பூசை நடப்பது நல்லது. ஆனால் உள்ளே இருக்கும் கேலரியை, அதாவது மேல்தள இருக்கை வரிசைகளை, மட்டும் இடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள் போன்ற புரொட்டஸ்தாந்து சபையினர் பிரசங்கம் கேட்பதற்காகக் கட்டிய மண்டபங்கள் இவை. நடுநாயகமாகப் பிரசங்க மேடை. அதைப் பார்த்தபடி பெரும்பாலும் மூன்று பக்கமும் கேலரி, அதைத் தாங்க மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் குரல் எட்டவேண்டும் என்று யோசித்துக் கட்டினார்கள். அங்கே ஓதுவார் ஒருவர் மைக் இல்லாமல் தேவாரம் பாடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

கிழக்கு லண்டன் ஹக்னியில் இருக்கும் ரவுண்ட் சேப்பலை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஹென்றி ஃபுல்லர் வடிவமைத்து 1871இல் முடிந்த கட்டடம். குதிரைலாட வடிவில் கேலரி சுற்றி வரும். அதைத் தாங்கும் இரும்புத் தூண்கள் அங்கேயே நின்றுவிடாமல் மேலேறிக் கூரையடியில் வளைவுகளாக விரியும். இன்று அங்கே கச்சேரிகளும் விழாக்களும் நடக்கின்றன. தூண்களும் கேலரியும் இடத்திலேயே இருக்கின்றன.

சந்நிதி கிழக்கு நோக்க வேண்டுமே என்பீர்கள். சரி. பல சேப்பல்கள் திசை பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டவை. அதற்காகச் சுவரை உடைக்க வேண்டாம்; சுவரையும் தூணையும் தொடாமல், தனித்து நிற்கும் சந்நிதியாக மண்டபத்துக்குள் அமைக்கலாம். பாரத்தையும் கவனியுங்கள். பல இடங்களில் தரை மரப்பலகை, அதன் கீழே ஞாயிறு பள்ளிக்கூடம். கருங்கல்லை அது தாங்காது. (அந்தப் பள்ளிக்கூட அறை நம் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கென்றே கட்டியதுபோல இருக்கும்.)

சட்டமும் இருக்கிறது. இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடமானாலும் (பாதுகாக்க வேண்டியது என அரசு பட்டியலில் சேர்த்த கட்டடம்) மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளுக்குத் தங்கள் வழிபாட்டிடத்தில் வேலை செய்ய உள்ளூராட்சியின் பட்டியல் அனுமதி தேவையில்லை. அவை தங்கள் சபைக்குள்ளேயே ஒப்புதல் பெறுகின்றன. கட்டடம் கைமாறியதும் அந்த விலக்கு போய்விடும், நமக்கு அது கிடையாது. அனுமதியின்றிப் பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையை மாற்றுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உண்டியல் பணம் வழக்குக்குப் போகக்கூடாது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியியலாளரின் அறிக்கையை வாங்குங்கள். அப்புறம் இடிக்கப்போகும் பகுதிகளைச் சிவப்பில் குறித்த வரைபடத்தைப் பொதுக்கூட்டத்தில் அடியார்கள் முன் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கோயில்களுக்கு வந்துபோகும் ஓர் அடியவர்