முகம் காட்டச் சொல்லித் தந்த தம்பிக்கு நன்றி

கும்பகோணத்து வீட்டை விட்டுக் கோவை வடவள்ளியை அடுத்த முதியோர் குடியிருப்புக்கு வந்த புதிதில், நானும் என் மனைவியும் உணவுக்கூடத்தில் இன்னொரு கரண்டி ரசம் கேட்கக்கூடத் தயங்கும் விருந்தாளிகளாகவே இருந்தோம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றுக்காகச் சென்ற இடத்தில், தேய்ந்துபோன என் விரல் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. வயதானவர்கள் பலருக்கும் நேர்வதுதான் இது.

அன்று மாலை நூலக அறையில் என் புலம்பலைக் கேட்ட ஓர் இளைஞர், வேறு யாரையோ பார்க்க வந்தவர், விரல் வைக்காமல் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதி 2021 முதல் இருப்பதை விளக்கி, என் கைபேசியில் ஜீவன் பிரமாண் செயலியையும் ஆதார் முகச் சரிபார்ப்புச் செயலியையும் இறக்கி, வெளிச்சம் விழும் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கண் சிமிட்டச் சொல்லி, வேலையை முடித்துத் தந்தார். பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்.

செய்தி பரவி, அக்கம்பக்கத்தார் தத்தம் கைபேசியோடு எங்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். ஆதார் எண்ணை மறந்தவர், கண்ணாடியைக் கழற்ற மறுத்தவர் எனப் பலரோடும் பழகியதில், இப்போது என்னை எல்லாரும் 'பென்ஷன் சார்' என்றே அழைக்கிறார்கள். இந்த ஊரில் எங்களுக்கு உறவுகளைத் தேடித் தந்த அந்தத் தம்பிக்கு எங்கள் இருவரின் மனமார்ந்த நன்றி.