கருத்த முட்டைகளை நசுக்காதீர்கள்

வண்ணத்துப்பூச்சி வளர்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். இலையில் கருத்த முட்டையைக் கண்டால், வண்ணத்துப்பூச்சி முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு வளரும் சிறு குளவியின் வேலை அது என்று உடனே நசுக்கிவிடச் சொல்லித்தான் புதிதாக வருகிறவர்களுக்கு நம்மில் பலர் கற்றுக்கொடுக்கிறோம். சிலர் ஒரு படி மேலே போய்ச் செடிக்கே மருந்தடிக்கிறார்கள். குளவியைக் கொல்கிற மருந்து புழுவை மட்டும் விட்டுவைக்குமா என்ன?

கருத்த முட்டையெல்லாம் குளவி புகுந்த முட்டை அல்ல. பல இனங்களில் புழு வெளிவரும் நேரம் நெருங்கும்போது அதன் தலை ஓட்டின் வழியே கருப்பாகத் தெரியும். உச்சியில் மட்டும் ஒரு புள்ளி போல இருக்கும். ட்ரைக்கோகிரம்மா என்ற அந்தக் குளவி முட்டையிட்டிருந்தால் சில நாளில் முழு முட்டையும் ஒரே சீராகக் கருத்துவிடும். அப்புறம் ஓட்டில் சின்ன வட்டத் துளை விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவசரப்பட்டு நசுக்கியவர்கள் எத்தனை புழுக்களைக் கொன்றார்களோ!

இந்தக் குளவி சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். முட்டைக்கோஸில் வாழும் பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சியில், இணை சேரும்போது ஆண் தன் பெண்ணின் மேல் ஒரு வாசனையை விட்டுச் செல்லும். மற்ற ஆண்கள் கிட்டே வராமலிருக்க அந்த ஏற்பாடு. குளவி அதே வாசனையை மோப்பம் பிடித்து அந்தப் பெண்ணின் மேல் ஏறிக்கொள்கிறது. அந்தப் பெண் முட்டையிடும் இடத்தில் இறங்கி வேலையை முடிக்கிறது. 2005இல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். ஓசிப் பயணம்தான், ஆனாலும் எனக்கு மரியாதையே வருகிறது.

வண்ணத்துப்பூச்சி அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: பல இனங்களில் ஒரு பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அவற்றில் இரண்டு வளர்ந்து இணை சேர்ந்தாலே எண்ணிக்கை குறையாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வயலில் தண்டுத் துளைப்பானுக்கு எதிராகக் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையை (இந்தக் குளவி புகுந்த முட்டைகளை ஒட்டிய அட்டை) வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் கட்ட வேண்டாம். தானாக வரும் குளவி வேறு, ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து விடுவது வேறு. பயிர்ப்பூச்சியின் முட்டையா, நாம் ஆசையாக வளர்ப்பதன் முட்டையா என்று அது பார்க்காது.

அடுத்த முறை முழுதும் கருத்த முட்டை கிடைத்தால் இலையோடு எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். சில நாளில் குளவி வெளியே வரும்; முட்டை பெரிதாக இருந்தால் ஒன்றிலிருந்தே பல வரும். பார்த்துவிட்டுத் திறந்து விடுங்கள். குப்பியின் வாயை வலைத்துணியால் கட்டாதீர்கள், கண்ணி வழியே போய்விடும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்