ஆடும் கொக்கியை வைத்தவருக்கு

அளவு டேப்பின் நுனிக் கொக்கியை ஆடும்படி விட்டவருக்கு,

வணக்கம். ஐயா என்று எழுதுவதா, அம்மா என்று எழுதுவதா தெரியவில்லை. பொதுவாக 'நீங்கள்' என்றே போகிறேன். முதலில் ஒரு மன்னிப்பு. உங்கள் கொக்கியை நான் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

புது டேப்பை இழுத்துப் பார்த்தபோது நுனியில் இருந்த தகடு லொடலொடவென்று ஆடியது. ரிவெட் இறுகவில்லை, மட்டமான சரக்கு என்று முடிவு கட்டினேன். தகட்டை உள்ளே அழுத்திப் பிடித்து இரண்டு சொட்டு விட்டதும் ஆட்டம் நின்றது. பெரிய கைவேலைக்காரன் என்ற நினைப்பு வேறு.

அப்புறம் அலமாரிக்கு நான்கு தட்டுகள் அறுத்தேன். உள் அகலம் 600 மில்லிமீட்டர். பலகையிலும் கொக்கியை மாட்டி 600 என்றே குறித்தேன். நான்கும் ஒரு மில்லிமீட்டர் குறைந்து வந்தன. ஒன்று குறைந்தால் கை தவறிவிட்டது எனலாம். நான்கும் சொல்லிவைத்தாற்போல் குறைந்தால்? ஓர் இரும்பு ஸ்கேலின் விளிம்பில் கொக்கியை மாட்டிப் பார்த்தேன். 300 இருக்கவேண்டிய இடத்தில் 301. ஸ்கேலையும் டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவரில் முட்டக் கொடுத்தேன். சரியாக 300. அப்போதுதான் உறைத்தது.

விளிம்பில் மாட்டி இழுக்கும்போது அளவு கொக்கியின் உட்பக்கத்தில் தொடங்கவேண்டும். சுவரில் முட்டி அளக்கும்போது வெளிப்பக்கத்தில். நடுவே இருப்பது அந்தத் தகட்டின் கனம். அந்தக் கனம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் நகரும்படி ரிவெட் துளையைச் சற்று நீளமாக விட்டிருக்கிறீர்கள். இழுத்தால் வெளியே வருகிறது, முட்டினால் உள்ளே போகிறது. அளப்பவர் எதையும் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். பழுது என்று நான் அடைத்து வைத்தது, அந்த டேப்பிலேயே அதிகம் யோசித்துச் செய்த இடத்தை.

பசையைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. சுரண்டியது, மழுங்கிய நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் கத்தியால். ஜப்பானில் யோஷியோ ஒகாடா 1956-இல் உருவாக்கியது அது. உடைந்த கண்ணாடிச் சில்லின் புதுக் கூர்மையும், கட்டம் கட்டமாக உடையும் சாக்லேட்டும் சேர்ந்து அந்த யோசனையைக் கொடுத்தனவாம். அன்று மட்டும் மூன்று கட்டம் ஒடித்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரு சந்தேகம். பூட்டின் அடியில் சாவித் துளைக்குப் பக்கத்தில் ஏன் இன்னொரு பொட்டுத் துளை? உள்ளே போன மழைநீர் வடிய. பேனா மூடியின் தலையில் ஏன் ஓட்டை? குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போய்வர. இதை அறிந்த நாள் கொஞ்ச நேரம் மூடியைக் கையிலேயே வைத்திருந்தேன். பேனா செய்கிறவர் எழுத்தை மட்டும்தானே யோசிப்பார் என்று இருந்தேன்.

காரில் பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி அம்புக்குறிக்கும் ஒரு கதை உண்டு. டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று சொல்வது அது. ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மொய்லன், 1986-இல் ஒருநாள் மழையில் வண்டியைத் தப்பான பக்கம் நிறுத்தி நனைந்திருக்கிறார். உடனே மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1989 மாடல் வண்டிகளில் அம்பு வந்துவிட்டது. நானாக இருந்தால் தலையைத் துவட்டிக்கொண்டு யாரையாவது திட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

ஒன்பது வேலை செய்யும் கத்தி, பேசும் குப்பைத்தொட்டி மாதிரியானவை என்னை அசைப்பதில்லை. 'என் சாமர்த்தியத்தைப் பார்' என்று அவை கூவிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கொக்கி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் எனக்கு ஓர் அரை நாள் மிச்சம், அது வேறு விஷயம்.

உங்கள் புண்ணியத்தில் நானும் ஒன்று செய்தேன். என்னிடம் ஒரே மாதிரி இரண்டு சாவிகள். இருட்டில் எப்போதும் தப்பான சாவிதான் முதலில் கைக்கு வரும். கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் விரலுக்குத் தட்டுப்படும் மேடு இருக்கிறதல்லவா, கண்ணால் பார்க்காமலே கை இடம் கண்டுபிடிக்க? அதை நினைத்து, ஒரு சாவியின் தலையில் அரத்தால் சின்னதாக ஒரு வெட்டு போட்டேன். இப்போது கட்டைவிரலே சொல்லிவிடுகிறது. இதற்கு ஒரு வாரம் நான் துள்ளியதைப் பார்த்தால் சிரிப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை ஏ4 தாளில் எழுதினேன். அதற்கும் பின்னால் ஒரு கடிதம்தான். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாத தாள் வேண்டும் என்று லிக்டன்பெர்க் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1786-இல் ஒரு நண்பருக்கு எழுதினார். 1922-இல் ஜெர்மனி அதைத் தர அளவாக்கியது. 210-க்கு 297 என்ற அந்த விசித்திரக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

அடித்தல் திருத்தலோடு இருந்த முதல் பிரதியை மூன்று முறை மடித்தேன். எட்டு அடுக்கு, ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் கனம். அலமாரியின் இரண்டாவது தட்டு ஓரத்தில் செருகியிருக்கிறேன். தட்டு இப்போது ஆடவில்லை.

இப்படிக்கு,
கொக்கியை ஒட்டியவன்