டாக்டர் மோர்கா கப்பல் ஏறுகிறார்

மணிலா, பிலிப்பைன்ஸ் தீவுகள்,
8 ஜூலை 1603

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

மகன் வணக்கத்துடன் எழுதுவது. மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து வந்த கப்பலில் தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நெடுநாள் எழுதவில்லை என்று தாங்கள் கோபித்திருப்பது நியாயமே.

"டாக்டரை விட்டுவிடாதே, நம் செவில்லாக்காரர்" என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் அந்தோனியோ தெ மோர்கா நாளை மறுநாள் மெக்சிகோவுக்குக் கப்பல் ஏறுகிறார்; அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக அரசர் அவரை நியமித்திருக்கிறார். சலமாங்கா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், 1595இல் துணை ஆளுநராக இங்கே வந்திறங்கினார். 1598இல் இங்கே நீதிமன்றம் மீண்டும் அமைந்தபோது அதன் நீதிபதிகளுள் ஒருவரானார். அதோடு விட்டிருக்கலாம். 1600 டிசம்பரில் ஒலிவியர் வான் நூர்ட் என்ற டச்சுக்காரன் வளைகுடா வாயிலில் வந்து நின்றபோது, கடற்போரே அறியாத இவர் படைத்தலைவராகப் புறப்பட்டார். அவர் ஏறிச் சென்ற 'சான் தியேகோ' கப்பல் மூழ்கி முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். டாக்டர் நீந்திக் கரையேறினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதுதான் காரணம் என்று ஒரு சாராரும், எதிரியை விரட்டியதும் அவனுடைய கப்பல் ஒன்றைப் பிடித்ததும் பெரிதில்லையா என்று மறு சாராரும் இன்னமும் சந்தைவரை வாதாடுகிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. அவருடைய காகிதக் கட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கோதுமை மாவு சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரவேண்டியிருப்பதால் நாள்தோறும் சோறும் மீனும்தான்; பழகிவிட்டது. அடுத்த வீட்டு விதவை நம் ஸ்பெயினின் தொலேதோவில் பிறந்தவர். பூசைக்குப் போகும்போதும் வாயில் வெற்றிலைபாக்கை அடக்கிக்கொண்டே போகிறார், பாதிரியார் கேட்டால் பல்வலி என்கிறார். இங்கே நம்மவர் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. விருந்தினருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டாத வீட்டை மதிக்கமாட்டார்கள்.

ஏப்ரல் 30 அன்று நகரில் பெருந்தீ பிடித்தது. எனக்கு ஒன்றும் நேரவில்லை, வீட்டை மட்டும் மாற்றிக்கொண்டேன். மதிலோரம், சிறியது, ஆனால் காற்று வரும். தங்கைக்கு அனுப்புவதாகச் சொன்ன பட்டுத் துணியை அடுத்த ஆண்டு பார்க்கலாம். கப்பலில் சரக்கேற்ற எனக்கு ஒதுக்கிய இடத்தை, நல்ல விலை தந்ததால், ஒரு வணிகருக்குக் கொடுத்துவிட்டேன்.

டாக்டரோடு வந்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். இங்கே தீர்க்கவேண்டிய கணக்குகள் சில இருக்கின்றன. அம்மா இன்னும் அடுப்படியில் நின்றபடியேதான் சாப்பிடுகிறாரா? நம் எண்ணெயில் அவர் பொரித்த ஒரு மீனுக்கு இந்தத் தீவுகளையே கொடுத்துவிடலாம் என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

அது போகட்டும். ஆலிவ் தோப்பை விற்க அத்தான் அவசரப்படுகிறார் என்று அறிந்தேன். தங்கையின் சீதனத்துக்குக் கீழ்த்துண்டு மட்டும் போதும். கிணறு உள்ள மேல்துண்டைத் தொடவேண்டாம். அதிகாரப் பத்திரத்தை அத்தான் பெயரில் அல்ல, அண்ணன் பெயரில் எழுதி, பத்திர எழுத்தர் முன்னிலையில் கையொப்பமிட்டிருக்கிறேன். ஒரு பிரதி இக்கடிதத்தோடும் மற்றொன்று துணைக் கப்பலிலும் வருகின்றன. எது முதலில் கிடைத்தாலும் அத்தானுக்குக் காட்டும் முன் பதிவு செய்துவிடுங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்