சாண்ட்ஃபோர்டின் விபத்துகள்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விடுமுறையில் பிரிஸ்டலிலிருந்து வெல்ஸ் நகருக்குப் போகப்போவதாக எழுதிவிட்டு, அங்கே எடுக்கப்பட்ட 'ஹாட் ஃபஸ்' படத்தை அப்பா ஏன் இத்தனை முறை பார்க்கிறார், வாழ்நாளெல்லாம் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ரத்தம் தெறிக்கும் ஒரு படம் எப்படி இவ்வளவு பிடித்துப்போனது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நடுவில் பேரன் கைபேசியைப் பிடுங்கிக்கொள்வான் என்பதால் எழுதுகிறேன்.

எட்கர் ரைட் இயக்கி 2007-இல் வெளிவந்த படம் அது. கதையை அவரும் நாயகனாக நடித்த சைமன் பெக்கும் சேர்ந்து எழுதினார்கள். நிக்கோலஸ் ஏஞ்சல் என்ற லண்டன் காவலர், மற்றவர்களைவிட 400 சதவீதம் அதிகமாகக் கைது செய்து காட்டுகிறார். அவர் பக்கத்தில் நின்றால் மற்றவர்கள் எல்லாம் சோம்பேறிகளாகத் தெரிவதால், மேலதிகாரிகள் பதவி உயர்வும் கொடுத்து, க்ளொஸ்டர்ஷயரில் உள்ள சாண்ட்ஃபோர்டு என்ற சிற்றூருக்கு மாற்றிவிடுகிறார்கள். காக்கி போட்ட எவரும் அந்த முதல் பத்து நிமிடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். வேலை தெரிந்தவனைப் பாராட்டி, கைகுலுக்கி, கண்ணுக்கு எட்டாத ஊருக்கு அனுப்பும் அந்தக் காட்சியில் ஒரு சொல்கூட மிகையில்லை.

சாண்ட்ஃபோர்டு ஆண்டுதோறும் 'சிறந்த கிராமம்' விருதை வாங்கும் ஊர். பூந்தொட்டிகள், தேவாலயத் திருவிழா, ஒருவரையொருவர் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் கடைத்தெரு. இருபது ஆண்டுகளாக அங்கே ஒரு கொலைகூடப் பதிவாகவில்லை. ஆனால் விபத்துகளுக்கு மட்டும் குறைவே இல்லை. சாலையில் ஒரு கார் மோதி இரண்டு தலைகள் துண்டாகின்றன. ஒரு மாளிகை எரிவாயு வெடித்துத் தரைமட்டமாகிறது. தேவாலயத்தின் உச்சியிலிருந்து கற்கூம்பு ஒன்று பெயர்ந்து உள்ளூர்ப் பத்திரிகை நிருபரின் தலைமேல் விழுகிறது. (இந்த இடம் வரும்போது அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள், அவளைக் குறை சொல்ல முடியாது.) ஒவ்வொரு முறையும் நிலையத்தில் உள்ளவர்கள் 'விபத்து' என்று சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடப் போகிறார்கள்.

நான் பணியில் இருந்த காலத்தில், ஒருவர் எப்படி இறந்தார் என்று தெரியாவிட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் பதிவு செய்துவிட்டுத்தான் சடலத்துக்குப் பக்கத்திலேயே போவோம். பஞ்சாயத்தார் முன்னிலையில் விசாரணை, உடற்கூறாய்வு, உறவினர் வாக்குமூலம் எல்லாம் முடிந்து காரணம் தெரிந்த பிறகே அந்தக் கோப்பை மூடுவோம். சாண்ட்ஃபோர்டில் எந்தக் கோப்பும் தவறாக மூடப்படவில்லை, ஏனென்றால் எந்தக் கோப்பும் திறக்கப்படவே இல்லை. பார்ப்பவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும் அந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வருகிறது, கூடவே அடிவயிற்றில் ஏதோ பிசைகிறது. டார்க் காமெடி என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால், அதை இவ்வளவு துல்லியமாகச் செய்த வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

இனி, எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஏஞ்சல் தனியாக உட்கார்ந்து எல்லா மரணங்களையும் ஒரே நூலில் கோக்கிறார். ஊருக்கு வெளியே ஒரு புறவழிச்சாலை வரப்போகிறது. இறந்தவர்கள் எல்லாருக்கும் நில விற்பனையில் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது. சாலை வந்தால் சூப்பர்மார்க்கெட் நடத்தும் சைமன் ஸ்கின்னருக்கு நட்டம். பணம், நிலம், நோக்கம், வாய்ப்பு என்று எல்லாம் பொருந்திவரும் அந்த விளக்கத்தை அவர் மூச்சுவிடாமல் சொல்லும்போது, நானும் மனத்துக்குள் குற்றப்பத்திரிகை எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனால் அந்த விளக்கம் முழுவதும் பிழை. வழக்கறிஞர் மார்ட்டின் பிளோவர் கொல்லப்பட்டது ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மோசமாக நடித்ததற்காக. அவருடன் இறந்த ஈவ் டிரேப்பர், சிரிப்பு சகிக்க முடியாததாக இருந்ததற்காக. ஜார்ஜ் மெர்ச்சன்ட், அவருடைய வீடு ஊரின் அழகோடு ஒட்டாததற்காக. நிருபர் டிம் மெசெஞ்சர், எழுத்துப்பிழைகளுக்காகவும், 53 வயதுக்காரியை 55 என்று அச்சிட்டதற்காகவும். பூக்கடைக்காரி லெஸ்லி டில்லர், இடத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய் அங்கே தோட்டத்தை அழகாக்கிவிடுவாளோ என்ற பயத்துக்காக.

சிறிய ஊர்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன் கயல், இந்த இடத்தில் படம் பொய் சொல்லவில்லை. புலனாய்வு செய்பவன் தன் அறிவுக்கு ஏற்ற பெரிய காரணத்தைத் தேடுவான்; கொலை செய்தவனிடம் இருப்பதோ பெரும்பாலும் சொல்லவே கூசும் அளவுக்குச் சின்னக் காரணம். வரப்புத் தகராறு என்று எழுதிக் கையெழுத்திட்ட கோப்பைப் புரட்டிப் பார்த்தால், ஒரு கல்யாணப் பந்தியில் இலை போடாமல் விட்டது அதற்கு அடியில் இருக்கும். நகைச்சுவைக்காகக் கண்டுபிடித்ததைப்போலத் தோன்றும் அந்த வாக்குமூலங்களை, கொலைகளைக் கூடிச் செய்த ஊர்ப் பெரியவர்கள், கறுப்பு அங்கி அணிந்து நிற்கும் மருத்துவரும் பாதிரியாரும் மதுக்கடைக்காரர்களும், அவ்வளவு நியாயமான குரலில் சொல்கிறார்கள். 'ஊரின் பெரிய நன்மைக்காக' என்று அவர்கள் ஒரே குரலில் முணுமுணுக்கும்போது சிரிக்காமலும் இருக்க முடிவதில்லை.

தடயங்களை ஒளிக்காமல் வைத்திருக்கும் நேர்த்தியையும் சொல்ல வேண்டும். திமதி டால்டன் நடித்த ஸ்கின்னர், ஏஞ்சலை முதன்முதலாகச் சந்திக்கும்போதே, நான் வெட்டிச் சாய்ப்பவன், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று சொல்லிவிட்டு, வெட்டுவது விலைகளைத்தான் என்று சிரிக்கிறார். ஊரில் ஒரு அன்னம் தப்பிவிட்டதாகப் புகார் வருகிறது. கடைப் பையன், அன்னங்கள் இன்னும் கிடைக்கவில்லையா என்று பன்மையில் கேட்க, ஒரே ஒரு அன்னம்தான் என்று திருத்துகிறார்கள். பின்னொரு நாள் அதே பையன், கொலைகாரர்கள் இன்னும் கிடைக்கவில்லையா என்று கேட்கிறான். அதே திருத்தத்தைச் சொல்லி முடிக்கும்போதுதான் ஏஞ்சலுக்கு உறைக்கிறது: ஒருவர் இல்லை, பலர். முன்பு வெறும் விளையாட்டாக வந்த வசனம் வழக்கையே உடைக்கிறது. இரண்டாம் முறை பார்த்தால்தான் தெரியும், இந்தப் படத்தில் சும்மா வந்துபோகும் பொருள் என்று ஒன்றுமே கிடையாது. ஏஞ்சலின் சக காவலராக நிக் ஃப்ராஸ்ட் நடித்த டேனி வேடிக்கைக்காகப் பிதுக்கும் தக்காளிச் சாறு உறையும், வட்டாரப் பேச்சுப் புரியாமல் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து விசாரிக்க வேண்டியிருக்கும் கிழவரின் கொட்டகையில் கிடக்கும் ஆயுதக் குவியலும், எல்லாரும் கேலி செய்த அந்த அன்னமும் கடைசியில் வேலைக்கு வருகின்றன.

எனக்கு நெஞ்சில் தைத்தது, சாண்ட்ஃபோர்டு நிலையத்துக்கும் அந்தக் கொலைகாரக் கூட்டத்துக்கும் தலைவரான இன்ஸ்பெக்டர் ஃபிராங்க் பட்டர்மேன். ஜிம் பிராட்பென்ட் அவரை ஒரு நல்ல தாத்தாவைப்போல நடித்திருக்கிறார். அவருடைய மனைவி ஐரீன் விருதுக்காக ஊரை அணு அணுவாகச் செதுக்கியவள். நடுவர்கள் வருவதற்கு முந்தைய இரவு நாடோடிகள் வந்து தங்க, விருது கைநழுவ, அவள் மனம் உடைந்து காரைப் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டாள். இது வெறும் கேலிப்படமாக இருந்திருந்தால் அந்தக் கதையை ஒரு வசனத்தில் தாண்டியிருப்பார்கள். எல்லாக் கொலைகளுக்கும் அடியில் ஒரு மனிதனின் ஆறாத துக்கம் கிடக்கிறது என்றும், அவர் மகன் டேனியே அதே நிலையத்தில் எதுவும் தெரியாமல் வேலை பார்க்கிறான் என்றும் எழுதியதால்தான் சிரிப்புக்கு எடை வருகிறது. ஊர்க் கண்காணிப்புக் கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் டாம் வீவராக நடித்த எட்வர்ட் உட்வர்டையும் கவனித்துப் பார். 1973-இல் வந்த 'தி விக்கர் மேன்' படத்தில் ஒரு தீவுக் கிராமத்துக்குத் துப்புத் துலக்கப் போய் அந்த ஊராரிடமே சிக்கி உயிரை விடும் காவலராக நடித்தவர் இவர்தான். அவரை இங்கே ஊராரின் பக்கம் நிறுத்தியது, அந்த நாட்டுப் பார்வையாளர்களுக்கு எப்படிச் சுருக்கென்று இருந்திருக்கும்!

வெல்ஸ் நகரைப் பற்றி. அதுதான் இயக்குநர் வளர்ந்த ஊர். அங்கே பெரிய கதீட்ரல் இருப்பதால் அது நகரம் என்றே கணக்கு. கிராமமாகக் காட்டுவதற்காகப் படத்தில் அந்தக் கதீட்ரலைக் கணினியில் அழித்துவிட்டார்கள். கடைவீதிச் சதுக்கத்தில் நின்று, துப்பாக்கிச் சண்டை நடந்த இடத்தைப் பேரனுக்குச் சொல்லாமல் மாப்பிள்ளைக்கு மட்டும் காட்டு. கற்கூம்பு விழும் காட்சியை எடுத்தது செயின்ட் கத்பெர்ட் தேவாலயத்தில். பிஷப் அரண்மனையின் அகழியில் உள்ள அன்னங்கள் மணிக்கயிற்றை இழுத்து உணவு கேட்கப் பழகியவை. பையனுக்கு அதைக் காட்டு, அவனுக்கு அதுவே போதும். படம் அங்கே 15 வயதுச் சான்று பெற்றது. அந்த வயது வரும்வரை அவனுக்கு வேண்டாம் என்பது என் கண்டிப்பான எண்ணம்.

கடைசிச் சண்டை கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முடிந்ததும் லண்டனிலிருந்து அதே மேலதிகாரிகள் வந்து, நீ இல்லாமல் எங்கள் குற்றக் கணக்கு ஏறிவிட்டது, திரும்பி வா என்று கூப்பிடுகிறார்கள். ஏஞ்சல் போகவில்லை. டேனியோடும் மற்ற காவலர்களோடும் நிலையத்துக்குப் போய், உட்கார்ந்து, படிவங்களை நிரப்பத் தொடங்குகிறார். பேனா உறையைத் திறப்பதையும் முத்திரை விழுவதையும், துப்பாக்கியில் குண்டு ஏற்றுவதைக் காட்டும் அதே வேகத்தில் படமாக்கியிருக்கிறார்கள். எத்தனையோ இரவுகள் நீ தூங்கிய பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிய வழக்கு நாட்குறிப்புகளுக்கு, உலகத்தில் எவரோ ஒருவர் அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அப்பா